கார்டு கடைசியில்தான்

2018 ஆகஸ்ட் 7 அன்று மிசூரி மாநிலத்தில் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. சங்கச் சந்தா கட்டாதவரும் சங்கம் பேசி வாங்கிய ஒப்பந்தத்தின் பலனை முழுசாக அனுபவிக்கலாம் என்று மாநில அரசு ஒரு சட்டம் போட்டிருந்தது. ‘வேலை செய்யும் உரிமை’ என்று அதற்குப் பெயர். சங்கத்தின் கஜானாவை வற்ற வைப்பதுதான் அதன் வேலை. அந்தச் சட்டத்தை மக்கள் வாக்குக்குக் கொண்டுபோகச் சுமார் ஒரு லட்சம் கையெழுத்துப் போதும். சங்கங்கள் மூன்று லட்சத்துக்கு மேல் திரட்டின. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். இரண்டு வருஷம் முன்னால் இதே மிசூரிதான் டிரம்ப்பை 18 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. 2020இல் புளோரிடாவில் இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. ஒரே வாக்குச்சீட்டில் டிரம்ப்பும் ஜெயித்தார், குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தும் தீர்மானமும் 60 சதவீதத்தைத் தாண்டி ஜெயித்தது.

அமெரிக்கத் தொழிலாளிகள் வலது பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் இந்த இரண்டு வாக்கையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. கூலி, வாடகை, ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் ஒரு மனிதர் ஒரு பக்கம் நிற்கிறார். கட்சி என்று வந்தால் வேறு பக்கம், அல்லது வீட்டை விட்டே வெளியே வருவதில்லை. சங்கத்துக்கும் தேர்தலுக்கும் ஆட்களைத் திரட்டும் அமைப்பு வேலை செய்கிறவர்களுக்கு இந்த இடைவெளிதான் விளைநிலம். அதில் எப்படி இறங்குவது, எங்கே கால் வழுக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இன்னொரு இடைவெளியும் உண்டு. கேலப் கருத்துக்கணிப்பில் பத்தில் ஏழு பேர் சங்கங்களை ஆதரிப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் 2024 கணக்குப்படி சம்பளக்காரர்களில் சங்கத்தில் இருப்பவர்கள் 9.9 சதவீதம்தான், தனியார் துறையில் மட்டும் எடுத்தால் 5.9. 1983இல் மொத்தம் 20.1 ஆக இருந்தது. பிடித்திருந்தும் ஏன் சேரவில்லை என்றால், பயம். மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில் முதலாளி காரணமே சொல்லாமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாம். வேலை போனால் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடும் கூடவே போகும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவருக்கு, அடுத்த மாச இன்சுலினுக்கு என்ன வழி என்பதுதான் முதல் கேள்வி. இதைக் கோழைத்தனம் என்று நினைக்கிறவர் தயவுசெய்து இந்த வேலைக்கு வர வேண்டாம்.

முதலில் சட்டத்தில் தெரிய வேண்டிய அளவு. 1935ஆம் வருஷத்துத் தேசியத் தொழிலுறவுச் சட்டத்தின் ஏழாவது பிரிவு, சங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொழிலாளர்கள் சேர்ந்து செயல்படுவதைக் காக்கிறது. இதில் ‘சேர்ந்து’ என்ற சொல்தான் உயிர். ஒருவர் தனியாக மேனேஜரிடம் போய் “எனக்குச் சம்பளம் பத்தலை” என்றால் அது சொந்தக் குறை. அதற்குப் பாதுகாப்புக் கிடைப்பது கஷ்டம். இரண்டு பேர் போய் “எங்க ஷிப்டுக்கே சம்பளம் பத்தலை” என்றால் சட்டம் அவர்கள் பின்னால் நிற்கிறது. எதற்கும் ஒற்றையாகப் போகாதீர்கள். சக ஊழியரிடம் சம்பளத் தொகையைச் சொல்லக் கூடாது என்று கம்பெனி விதி வைத்திருந்தால், பெரும்பாலும் அந்த விதியே சட்டவிரோதம். பழிவாங்கினால், இந்தச் சட்டத்தை நடத்தும் மத்திய அரசின் தொழிலுறவு வாரியத்தில் புகார் கொடுக்க ஆறு மாசம்தான் கெடு. தேதி, மணி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே சொந்த நோட்டில் எழுதிவையுங்கள். கம்பெனி லேப்டாப்பிலும் கம்பெனி மெயிலிலும் ஒரு வரிகூட வேண்டாம்.

சூப்பர்வைசர்கள், விவசாயத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்று முத்திரை குத்தப்பட்ட ஓட்டுநர்கள் போன்றோர் இந்தச் சட்டத்துக்கு வெளியே. எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது, சங்கத்தில் சேரலாமா என்று. சேரலாம், இந்தச் சட்டம் விசா வகையைப் பார்ப்பதில்லை. ஆவணம் இல்லாதவருக்கும் உரிமை உண்டு. ஆனால் 2002இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால், சங்க வேலைக்காக அவரை அநியாயமாக நீக்கினாலும் இழந்த சம்பளத்தை அவருக்கு வாங்கித் தர முடியாது. ஆகவே மனுவில் முதல் கையெழுத்தும் கூட்டத்தில் முதல் வரிசையும் குடியுரிமை உள்ளவர்களுடையதாக இருக்கட்டும். விசாக்காரரை முன்னால் தள்ளிவிடுவது பொறுப்பில்லாத வேலை. வாரியத்தையும் அளவோடு நம்புங்கள். 2025 ஜனவரியில் டிரம்ப் அதன் உறுப்பினர் ஒருவரை நீக்கியதும் தீர்ப்புச் சொல்லத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள் இல்லாமல் போய், அந்த வருஷத்தின் பெரும்பகுதி வாரியத்தால் தீர்ப்பே சொல்ல முடியவில்லை.

அடுத்து ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்குங்கள். ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். லாரி வந்து நிற்கும் டாக், சாமான் பிரிக்கும் இடம், பேக்கிங் வரிசை, அனுப்பும் இடம். ஒவ்வொன்றுக்கும் காலை, பிற்பகல், இரவு என்று ஷிப்ட். கட்டம் போட்டுப் பெயர்களை எழுத ஆரம்பித்தால், நமக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் ஒரே மூலையில் இருப்பது முதல் நாளே தெரிந்துவிடும். காலை டாக்கில் பதினெட்டுப் பெயர், பிற்பகல் பேக்கிங்கில் அறுபது பேர் இருந்தும் ஒரு பெயர்கூட இல்லை. அடுத்த மாச வேலை முழுக்க அந்தக் காலிக் கட்டத்தில்தான். பெயருக்குப் பக்கத்தில் குறிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்: யார் யாரோடு ஒரே காரில் வருகிறார், இடைவேளையில் மைக்ரோவேவ் பக்கத்து மேஜையில் யார் யார், யார் வீட்டில் ஸ்பானிஷ், யார் வீட்டில் வங்காளி, சிகரெட் பிடிக்க எந்தக் கதவு வழியாக யார் போகிறார்கள். இந்தப் பேப்பர் ஒருநாளும் கம்பெனி வாசலுக்குள் போகக் கூடாது.

இந்தக் கட்டங்களில் தேட வேண்டியது அதிகம் பேசுகிறவரை அல்ல. எல்லாக் கூட்டத்துக்கும் வந்து, அரசியல் பேசி, நமக்கு இனிப்பவர் ஒருவர் இருப்பார். அவர் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். “புதுசா வந்தவங்களுக்குச் சந்தேகம்னா யார்கிட்ட போவாங்க?” என்று நாலு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். நாலு பேரும் ஒரே பெயரைச் சொன்னால் அவர்தான் அங்கே தலைவர். பெரும்பாலும் அவர் வேலையில் கெட்டிக்காரர், மேனேஜரோடும் சுமுகமாக இருப்பவர், சங்கப் பேச்சில் ஆர்வம் இல்லாதவர். டிரம்ப் தொப்பி போட்டவராகவும் இருக்கலாம். அவரை விட்டுவிட்டு நமக்குப் பிடித்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு ஜெயித்த இடம் மிகக் குறைவு. பத்துப் பேருக்கு இப்படி ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.

அவரோடு பேசுவதில் நம் பங்கு முப்பது சதவீதம், அவர் பங்கு எழுபது. உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

“இந்த வேலையில ஒரே ஒரு விஷயத்தை மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?”
“ஷிப்ட் நேரம். முந்தின நாள் ராத்திரிதான் சொல்றாங்க.”
“அதனால வீட்ல என்ன ஆகுது?”
“பிள்ளையை யார் கூட்டிட்டு வர்றதுன்னே தெரியாது. ரெண்டு தடவை ஸ்கூல் ஆபீஸ்ல உக்கார வச்சுட்டாங்க.”
“ஏன் இப்படிப் பண்றாங்கன்னு நினைக்கிறீங்க?”

இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். அமைதி நீளும், நீளட்டும். நாமே பதில் சொன்னால் அது நம் பிரசங்கம் ஆகிவிடும். “அவங்களுக்கு வசதியா இருக்குல்ல” என்று அவர் வாயால் வந்தால், அந்த நிமிஷம் ஏதோ ஒன்று நகர்ந்துவிட்டது. பிறகு கேட்க வேண்டியது ஒன்றுதான்: “வேற யாருக்கெல்லாம் இதே பிரச்சினை இருக்கு? அவங்கள்ல ரெண்டு பேர்கிட்ட வியாழக்கிழமைக்குள்ள நீங்க பேச முடியுமா?” வேலையும் நாளும் குறிக்காமல் முடிந்த பேச்சு, அரட்டை.

வியாழக்கிழமை அவர் பேசினாரா இல்லையா என்பதை வைத்துத்தான் மதிப்பெண். ஒன்று என்றால் மற்றவர்களைக் கூட்டி வருகிறவர், இரண்டு ஆதரவாளர், மூன்று முடிவு செய்யாதவர், நாலு எதிர்ப்பவர், ஐந்து கம்பெனிக்காக வேலை செய்கிறவர். புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, சிரித்துத் தலையாட்டியவருக்கெல்லாம் இரண்டு போடுவது. வாய் வார்த்தைக்கு மதிப்பெண் கிடையாது. ஒரு செயல் வேண்டும், அது படிப்படியாகக் கனமாக வேண்டும். டாக்கில் ஓடாத மின்விசிறியை மாற்றச் சொல்லி ஒரு மனு. அப்புறம் ஒரே நாளில் எல்லோரும் ஒரே பேட்ஜ். அப்புறம் முகமும் பெயருமாக ஒரு போஸ்டர். மனுவில் எழுபது சதவீதம் வந்து பேட்ஜில் முப்பதுக்கு இறங்கினால், எந்தக் கட்டத்தில் இறங்கியது என்று சார்ட்டைப் பாருங்கள். மின்விசிறி மாறிவிட்டால் அதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். சேர்ந்து கேட்டால் கிடைக்கும் என்பதை மனிதர்கள் நம்ப ஆரம்பிப்பது அங்கேதான். எங்கள் அனுபவத்தில் மனசு மாறிய பிறகு செயலுக்கு வந்தவர்களைவிட, சின்னதாக ஒரு செயல் செய்த பிறகு மனசு மாறியவர்களே அதிகம்.

கார்டு, அதாவது சங்கம் வேண்டும் என்று தொழிலாளி கையெழுத்துப் போடும் சீட்டு, இதற்கெல்லாம் பிறகு. வேலையிடத்தில் சங்கம் வேண்டுமா என்று வாரியம் நடத்தும் தேர்தலைக் கேட்டு மனுப் போட, தகுதியுள்ளவர்களில் 30 சதவீதம் பேரின் கையெழுத்து இருந்தால் சட்டத்துக்குப் போதும். அந்தப் போதும் என்ற சொல்லை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம். கார்டில் தேதி இல்லாவிட்டால் செல்லாது. சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கித் தந்த கார்டுகள் மொத்தமாக அடிபடலாம். ஆள் வேகமாக மாறும் கிடங்கில் போன பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டவர் இன்று வேலையிலேயே இல்லை; பட்டியலை வாரா வாரம் சரிபார்க்க வேண்டும்.

அலபாமாவின் பெஸ்ஸமரில் அமேசான் கிடங்குக்கு மனுப் போட்டபோது சங்கம் 1,500 பேர் என்று கணக்கு வைத்திருந்தது. கடைசியில் தகுதியுள்ளவர்கள் 5,800 பேர் ஆனார்கள். 2021 ஏப்ரலில் எண்ணியபோது ஆதரவு 738, எதிர்ப்பு 1,798. கட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் தேர்தலுக்குப் போவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் கதை வேறாக இருந்தது. அமேசானின் ஜேஎஃப்கே8 கிடங்கில் கிறிஸ் ஸ்மால்ஸும் டெரிக் பால்மரும் தோழர்களும் எந்தப் பெரிய சங்கத்தின் துணையும் இல்லாமல், வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்காகக் குளிரில் நிற்கிறவர்களுக்குத் தீ மூட்டி, சாப்பாடு கொடுத்து, பேசினார்கள். உள்ளே இருந்த தோழர்கள் இடைவேளை அறையில் மணிக்கணக்காக உட்கார்ந்தார்கள். 30 சதவீதத்தை ஒட்டிய கார்டுகளோடுதான் மனுப் போட்டார்கள். 2022 ஏப்ரல் 1 அன்று 2,654க்கு 2,131 என்று ஜெயித்தார்கள். 30 சதவீதம் போதாது என்ற விதியை மீறி ஜெயித்தார்களே என்று கேட்கலாம். தகுதியுள்ள சுமார் 8,300 பேரில் ஆதரவு வாக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்த மெல்லிய பலத்தோடு அமேசானை ஒப்பந்த மேஜைக்கு இழுக்க முடியவில்லை. 2024இல் அவர்கள் டீம்ஸ்டர்ஸ் என்ற பெரிய சங்கத்தோடு இணைந்தார்கள். அதற்கு முன்பே, ஜேஎஃப்கே8 வெற்றிக்கு ஒரு மாசம் கழித்து, எதிரிலிருந்த எல்டிஜே5 கிடங்கில் 380க்கு 618 என்று தோற்றார்கள். அந்த வாக்கெடுப்புக்கு முன் செனட்டர் பெர்னி சாண்டர்ஸும் காங்கிரஸ் உறுப்பினர் ஒகாசியோ கோர்ட்டெஸும் நேரில் வந்து பேசினார்கள். பெரிய தலைவர் வந்தால் கேமரா வரும். ஆனால் பிற்பகல் ஷிப்டின் காலிக் கட்டம் அப்படியே இருக்கும்.

மோட்டார் தொழிலாளர் சங்கம் (யுஏடபிள்யூ) தன் 2023 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இதற்கு ஒரு கணக்கு வைத்தது. 30 சதவீதம் கார்டு வந்தால் பகிரங்கமாக அறிவிப்பது, 50 வந்தால் பெரிய கூட்டம், 70 வந்து ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொரு பிரிவிலும் குழு ஆட்கள் இருந்தால் மட்டும் அங்கீகாரம் கேட்பது. டென்னசியின் சாட்டனூகாவில் ஃபோக்ஸ்வாகன் ஆலை 2014இலும் 2019இலும் சின்ன வித்தியாசத்தில் கைநழுவியது. 2024 ஏப்ரலில் 2,628க்கு 985 என்று ஜெயித்தது. அடுத்த மாசமே அலபாமாவின் வான்ஸில் மெர்சிடிஸ் ஆலையில், பெரும்பான்மைக் கார்டுகள் கையில் இருந்தும், 2,045க்கு 2,642 என்று தோல்வி.

மெர்சிடிஸில் நடந்ததைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த இடத்திலும் அதுதான் நடக்கும். பிரச்சாரம் சூடானதும் புதியவர்களுக்குக் குறைவாகக் கொடுக்கும் இரட்டைச் சம்பள முறையைக் கம்பெனி நிறுத்தியது. வாக்கெடுப்புக்குச் சில வாரம் முன் ஆலையின் தலைவரையே மாற்றியது. புதியவர் ஆலைக்குள் நடந்து, கை குலுக்கி, வாய்ப்புக் கேட்டார். வெறுப்பை ஒரு மனிதர் மேல் கட்டி வைத்திருந்த பிரச்சாரம், அந்த மனிதர் போனதும் சரிந்துவிடும். ஆகவே முதல் நாளிலிருந்தே முன்கூட்டித் தடுப்பூசி போட வேண்டும். “நாம வெளியே வந்ததும் மேனேஜர் திடீர்னு நல்லவராயிடுவார், பீட்சா வரும், சம்பளம் கொஞ்சம் ஏறும், பெரிய ஆள் ஒருத்தரை மாத்துவாங்க, ‘நாம ஒரே குடும்பம், வெளியாள் எதுக்கு’ன்னு கேப்பாங்க. அப்போ நீங்க என்ன சொல்வீங்க?” பதிலை அவரே சொல்லிப் பழக வேண்டும். நாம் சொன்னது சொன்னபடி நடக்கும்போது, மூன்றில் நிற்பவர் இரண்டுக்கு வருவார். மிரட்டுவது, யார் யார் ஆதரவு என்று விசாரிப்பது, விட்டுவிட்டால் சலுகை தருவேன் என்பது, வேவு பார்ப்பது, இந்த நாலும் சட்டவிரோதம். நடந்தால் நோட்டில் எழுதுங்கள்.

வேலைநிறுத்தத்துக்கு வருவோம். மேற்கு வர்ஜீனியா 2016இல் டிரம்ப்புக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்த மாநிலம். அங்கே அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டப்படி செல்லாது. 2018 பிப்ரவரி 22இல் ஆசிரியர்கள் இறங்கினார்கள். 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடின. மூன்று விஷயம் அதைத் தாங்கிப் பிடித்தது. முதலாவது, ஆசிரியர்களோடு பஸ் ஓட்டுநர்களும் சமையல்காரர்களும் சேர்ந்தே வாக்களித்தார்கள். பஸ் ஓடாவிட்டால் மாற்று ஆள் வைத்தும் பள்ளியைத் திறக்க முடியாது. இரண்டாவது, பள்ளிச் சாப்பாட்டையே நம்பியிருந்த பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பை பையாக உணவு கட்டிக் கொடுத்தார்கள், பெற்றோர் பகையாகவில்லை. மூன்றாவது, எல்லோருக்கும் பொதுவான மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் தீயை மூட்டியது. தலைவர்கள் கவர்னரோடு பேசி வேலைக்குத் திரும்பச் சொன்னபோது, எழுத்தில் வராமல் திரும்ப மாட்டோம் என்று கீழே இருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். மார்ச் 6இல் 5 சதவீத உயர்வு சட்டமாகியது, அந்த மாநிலத்தின் அரசு ஊழியர்கள் எல்லோருக்கும்.

2023இல் டெட்ராய்டின் மூன்று பெரிய கார் கம்பெனிகளோடு (ஜிஎம், ஃபோர்டு, ஸ்டெல்லாண்டிஸ்) மோட்டார் தொழிலாளர் சங்கம் மோதியபோது இருந்த பணக் கணக்கைப் பாருங்கள். ஏறக்குறைய 1,46,000 உறுப்பினர்கள். வேலைநிறுத்த நிதி 82.5 கோடி டாலர். ஆளுக்கு வாரம் 500 டாலர். எல்லோரும் ஒரே நாளில் இறங்கியிருந்தால் வாரம் 7.3 கோடி செலவு, பதினோரு வாரத்தில் கஜானா காலி. செப்டம்பர் 15 அன்று வென்ட்ஸ்வில், வெய்ன், டொலிடோ என்று மூன்று ஆலைகளில் சுமார் 13,000 பேர் மட்டும் இறங்கினார்கள். வாரம் 65 லட்சம்தான் செலவு. அடுத்து எந்த ஆலை என்று கம்பெனிக்குத் தெரியாது. அக்டோபர் 11 அன்று கென்டக்கி டிரக் ஆலையில் 8,700 பேர் திடீரென்று வெளியேறினார்கள். ஒப்பந்தக் காலம் முழுக்கச் சேர்த்து 25 சதவீத உயர்வு வந்தது, 2009இல் பறிபோன பஞ்சப்படி திரும்பியது. கூட்டாகச் செய்த கணக்கு இது. இதைச் சாட்டனூகாவில் ஃபோக்ஸ்வாகன் தொழிலாளர்கள் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் அவர்கள் போட்ட வாக்கை மேலே சொன்னேன்.

தேர்தல் அரசியலுக்கும் இதே முறைதான். 2024 நவம்பரில் டிரம்ப் ஜெயித்த கையோடு, நியூயார்க்கில் மேயர் வேட்பாளர் சோஹ்ரான் மம்தானி பிராங்க்ஸின் ஃபோர்டம் சாலையிலும் குயின்ஸின் ஹில்சைட் அவென்யூவிலும் மைக்கோடு நின்று, ஏன் டிரம்ப்புக்குப் போட்டீர்கள், ஏன் வாக்களிக்கவே போகவில்லை என்று கேட்டார். திட்டவில்லை, திருத்தவில்லை. விலைவாசி, வாடகை என்று பதில் வந்தது. வாடகை உறைவு, இலவச பஸ், குழந்தைப் பராமரிப்பு என்று அவர் பிரச்சாரம் அதிலேயே நின்றது. 2025 ஜூன் 24இல் கட்சி முன்தேர்தல், நவம்பர் 4இல் மேயர் தேர்தல், இரண்டிலும் வென்றார். பின்னால் இருந்த அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்பு 2015இல் ஏறக்குறைய 6,000 உறுப்பினர்களோடு இருந்தது. 2021இல் 90,000ஐத் தாண்டியிருந்தது.

உள்வேலை சலிப்பானது. வேட்புமனுவுக்கு 3,750 கையெழுத்துச் சட்டத் தேவை. எதிராளி ஒவ்வொன்றாக ஆட்சேபிப்பார் என்பதால் இரண்டு மூன்று மடங்கு வாங்க வேண்டும். வேறு கட்சியில் பதிந்தவர், பழைய முகவரி, முன்பே இன்னொருவருக்குக் கையெழுத்துப் போட்டவர், எல்லாம் கழியும். நகரத்தின் பொது நிதித் திட்டத்தில் நகரவாசி தரும் சின்ன நன்கொடைக்கு எட்டு மடங்கு அரசு சேர்க்கிறது. 250 டாலருக்கு 2,000. கதவு தட்டும் வேலையில், நூறு கதவில் இருபது முப்பது திறந்தால் நல்ல நாள். பேச்சு இரண்டு நிமிஷம், மதிப்பெண் இங்கும் ஒன்று முதல் ஐந்து, பட்டியலில் அங்கேயே பதிய வேண்டும். வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து போட்ட மதிப்பெண் குப்பை. மூன்று வருகிறவரின் வீட்டுக்குத்தான் திரும்பப் போக வேண்டும். ஒன்றுகளின் வீட்டில் டீ குடித்துப் பொழுதைக் கழிப்பது எல்லோருக்கும் பிடித்த தப்பு.

“நீங்க சோசலிஸ்டா?” என்று கதவில் ஒருவர் கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள். மறைத்துப் பின்னால் தெரிந்தால் அதுவரை கட்டியதெல்லாம் போச்சு. ஆனால் அந்தச் சொல்லை விளக்க அரை மணி நேரம் எடுக்க வேண்டாம். மில்வாக்கியில் 1910க்கும் 1960க்கும் இடையே மூன்று சோசலிஸ்ட் மேயர்கள், சேர்த்து 38 வருஷம் ஆண்டார்கள். சாக்கடை சோசலிஸ்டுகள் என்று அவர்களைக் கேலியாகக் கூப்பிட்டார்கள். அந்தச் சாக்கடை வேலை செய்தது, குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. நகரம் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது.

இப்போது கையில் எடுக்க வேண்டிய ஒரு வேலை. மோட்டார் தொழிலாளர்களின் டெட்ராய்ட் ஒப்பந்தம் 2028 ஏப்ரல் 30 நள்ளிரவோடு முடிகிறது. அடுத்த நாள் மே தினம். சிகாகோவில் 1886இல் பிறந்து, சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரைக்குக் கொண்டுவந்த அதே மே தினம். மற்ற சங்கங்களும் தங்கள் ஒப்பந்தமும் அதே நாளில் முடியும்படி தேதியைப் பொருத்தி வைக்கச் சொல்லி அவர்கள் கேட்டிருக்கிறார்கள். உங்கள் இடத்தில் சங்கம் இருந்தால் ஒப்பந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கெடு தேதியைப் பாருங்கள். நடுவில் வேலைநிறுத்தம் கூடாது என்ற பிரிவு ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும், அதனால் தேதி இப்போதே பேசி வைக்க வேண்டியது. ஒப்பந்தத்தை முடிக்கவோ மாற்றவோ விரும்புகிறவர் 60 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் மத்திய சமரச அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். ஏப்ரல் 30 கெடுவுக்கு அந்த முதல் நோட்டீஸின் கடைசி நாள் 2028 மார்ச் 1. அந்தத் தேதிக்கு முன்னால் உங்கள் சார்ட்டில் எத்தனை கட்டம் காலியாக இருக்கிறது என்று இன்றைக்கு எண்ணிப் பாருங்கள்.